ரூட்டாவின் பசுவும் உங்கள் வயலும்

அண்ணை,

இன்று காலை ரூட்டா ஒரு பை தக்காளி தந்துவிட்டுப் போனா. கொடியோடு பறித்தது. உங்கள் திவசத்தை எப்படியோ நினைவு வைத்திருக்கிறா. "அவரின்ர படத்துக்கு முன்னால வை" என்று டேனிஷில் சொன்னா. அந்த இலை மணம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. எனக்கு உங்கள்மேல் பத்திக்கொண்டு வருகிறது.

ஒடென்சேக்கு வெளியே அந்தக் கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில் மூன்று பேரும் ஒன்றாய்த் தக்காளி பறித்தோம். எங்கள் போர் முடிந்த வைகாசி அது. கோப்பி நேரத்தில் நாங்கள் இருவரும் தலை குனிந்து இருந்ததைப் பார்த்துத்தான் லித்துவேனியாக்காரி ரூட்டா தன் கதையைச் சொன்னா. அவவின் ஊரிலும் உலகப் போர் முடிந்த கையோடுதான் அரசாங்கக் கூட்டுப்பண்ணை வந்ததாம். வயலையும் மூன்று மாடுகளையும் கொடுக்க மறுத்த தகப்பனைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். ஆள் திரும்பவில்லை. பண்ணைக்குப் போன பசு ஒன்று பின்னேரமானால் பழைய வாசலுக்கே வந்து நின்று கத்தும். பால் கறந்தால் களவு. தாய் அழுதழுது அதைத் தடியால் அடித்துத் துரத்துவாவாம்.

உங்களுக்கு டேனிஷ் ஓடாது. நான்தான் தமிழில் சொன்னேன். ஊரில் கூட்டுப்பண்ணையைப் புகழ்ந்து என்னைப் போன்ற இளைஞர்களுக்கு வகுப்பெடுத்தவர் நீங்கள். கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "மூண்டு மாடு வைச்சிருந்தவன் பணக்கார விவசாயி. அனுப்பினது சரிதான் எண்டு சொல்லு."

அதை எந்த வாயால் சொல்ல? "இவர் உங்கட அப்பாவை நினைச்சுக் கவலைப்படுறார்" என்று மாற்றிச் சொன்னேன். அவ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டா. நீங்களும் பிடிக்க விட்டீர்கள்.

அடுத்த மாரியில் உங்கள் தங்கச்சி தொலைபேசியில் அழுதா. உங்கள் வன்னி வயல் முள்ளுக்கம்பிக்குள் போய்விட்டது. ஆமி அதில் கத்தரியும் பயிற்றையும் போட்டிருக்கிறது. சொந்த வயலில் அவ கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிறா. நீங்கள் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து குழறி அழுதீர்கள். உங்களைத் தூக்கி இருத்தித் தண்ணீர் பருக்கினது ரூட்டா.

வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டேன்: "அண்ணை, இப்பவும் ரூட்டாவின்ர தகப்பனுக்குச் செய்தது சரி எண்டோ சொல்லுறியள்?"

"அது வேறை, இது வேறை."

என்ன வேறை? கடைசிவரைக்கும் நீங்கள் சொல்லவில்லை.

இன்றும் வாசலில் நின்று ரூட்டா சொன்னா: "என்ர அப்பாவுக்காகக் கவலைப்பட்ட ஒரே மனுசன் அவர்தான்." நான் ஓம் என்று தலையாட்டினேன். உண்மையை அவவிடம் சொன்னால் அந்த ஒரு மனுசனும் இல்லாமல் போய்விடும்.

தக்காளி குசினி மேசையில் கிடக்கிறது. உங்கள் படத்துக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் படாத அந்தக் கவலையை, அண்ணை, இத்தனை வருசமாய் உங்கள் பெயரில் நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.