வெள்ளையாக வந்த கண்

ஐப்பசி 9, செவ்வாய்

இன்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மஞ்சள் காமாலை முற்றி, ஈரல் கெட்டுவிட்டதாம். முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

போன மாதம் நெசவாளர் அட்டைக்கு ஸ்டுடியோவில் எடுத்த படத்திலேயே அம்மாவின் கண் மஞ்சளாக இருந்தது. "பழைய லென்ஸ்மா, அப்படித்தான் மஞ்சள் அடிக்கும்" என்றார் ஸ்டுடியோக்காரர். அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"நூலுக்குச் சாயம் போடுறவ, கை மஞ்சளா இருந்தா சரி. கண்ணுமா?" என்றாள்.

நான் என் போனில் எடுத்துக் காட்டினேன். கண் வெள்ளையாக வந்தது. போன் தானாகவே முகத்தை வெளுப்பாக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அது தோன்றவில்லை. அம்மா சிரித்துவிட்டுச் சாயப் பட்டறைக்குப் போய்விட்டாள்.

"கூடவே இருந்துக்கினு பாக்கலியா நீ?" என்று அண்ணன் இன்று கேட்டான்.

"போட்டோல நல்லாதான் இருந்துச்சு."

"போட்டோவ விடு. அம்மா மூஞ்சியப் பாத்தியா?"

நான் பார்க்கவே இல்லை.