ஒத்தடத்தை நிறுத்து

சங்கரன்கோவில்,
12-9-1983, திங்கள், மாலை ஐந்தே கால் மணி. உன் கால் பிசகி இன்று ஐந்தாம் நாள்.

அன்பு மகள் சண்முகசுந்தரிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது, உன் தம்பி செல்லப்பா காலாண்டுப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பாவனை செய்கிறான். உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய். கணுக்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பதை நிறுத்து. எண்ணெய் போட்டு நீவுவதை நிறுத்து. மீதியைப் பிறகு படிக்கலாம்.

உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. நீளம் தாண்டும்போது பிசகியது, நான் சொல்லித் தந்தபடியே உடனே சுடச்சுட ஒத்தடம் கொடுத்தாய், அறைத் தோழியை நீவிவிடச் சொன்னாய், மறுநாள் வீக்கம் இன்னும் ஏறிவிட்டது, “இன்னும் அழுத்தி நீவட்டுமாப்பா” என்று கேட்டிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் என்னைப் போல டிரில் மாஸ்டரான, கரிவலம் பள்ளிக்கூடத்து முகம்மது ஹுசைனைப் பார்த்தேன், பாளையங்கோட்டையில் டிரில் மாஸ்டர்களுக்கான பத்து நாள் பயிற்சி முடித்து வந்திருக்கிறார், கடிதத்தைக் காட்டினேன். “என்ன வே காரியம் பண்ணி வச்சிருக்கீரு! புதுச் சுளுக்குக்குச் சூடு ஆகவே ஆகாது வே. ஐஸ் வைக்கணும், கட்டுப் போடணும், காலை உசத்தி வைக்கணும். அங்கன முத நாள் முதப் பாடமே இதுதான்” என்றார். ஐந்து நாள் கழிந்தபின் ஐஸ் பலன் தருமா என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பயிற்சிக்கு நானும் மூன்று தடவை எழுதிப் போட்டவன்தான். முதல் வருஷம் சுற்றறிக்கை ஆபீசிலேயே கிடந்து, பயிற்சி முடிந்தபின் என் கைக்கு வந்தது, அப்படியும் எழுதிப் போட்டேன். அடுத்த வருஷம், இந்த வருஷம் இரண்டு தடவையும் தலைமையாசிரியர் விடவில்லை. “நீரு போயிட்டா இவனுகளை யாரு வே மேய்க்கது? விசில் ஊத என்னத்துக்குப் படிப்பு?” என்றார். தபாலில் பாடம் தருகிறார்கள் என்று சேர்ந்தேன், எல்லாம் இங்கிலீஷ், கட்டுப் போடும் படம் மை அப்பி எது குதிகால் எது விரல் என்று தெரியவில்லை. எனக்கு நோட்டு வேண்டாம், ஒருத்தர் என் கையைப் பிடித்து ஒரு காலில் கட்டிக் காட்டினால் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தால் மதுரை என்றாலும் போய்வருவேன். யார் வைக்கிறார்கள்? எனக்கு முப்பத்தெட்டு வயது, இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கிறது, இருபத்துநாலு வயதில் படித்ததையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மா, “பதினாலு வருசமா ஊராம் பிள்ளைய காலையெல்லாம் நீவி விட்டியளே, அதுக எல்லாம் என்னாச்சோ” என்றாள்.

தந்தி கொடுத்திருக்கிறேன், அதில் நாலு வார்த்தைக்கு மேல் என்ன சொல்ல? டிரங்க் கால் பன்னிரண்டு மணிக்குப் பதிந்து நாலு மணிக்குக் கிடைத்தது, நீ கிரவுண்டுக்குப் போயிருப்பதாக ஹாஸ்டல் வார்டன் அம்மா சொன்னார், மேலே கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அந்தக் காலோடு கிரவுண்டில் என்ன வேலை உனக்கு? வெள்ளிக்கிழமை அணித் தேர்வு என்பது தெரியும். வலியைப் பொறுத்துக்கொண்டு தாண்டு என்று சின்னதிலிருந்து கத்தியவனும் நான்தான், இப்போது தாண்டாதே என்றால் நீ எப்படிக் கேட்பாய். கேள், மக்கா. இந்த அணி போனால் அடுத்த வருஷம் ஒன்று வரும். காலை ஊன்றாமல், யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடு. கட்டு எப்படிப் போடுவது என்று இதிலேயே எழுதப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன், அதை அங்கே நர்சிடம் கேட்டுக்கொள். நேரே வர இரண்டு நாள் லீவு கேட்டேன், புதன் முதல் வட்டாரப் போட்டி, “நடத்தி முடிச்சிட்டுப் போம்” என்கிறார் தலைமையாசிரியர்.

கோமதியம்மன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. எக்ஸ்ரேயை மறக்காதே. நான் செய்யப்போவது:

1. இதை இப்போதே ரயிலடிக்குக் கொண்டுபோய் ரயில் தபாலில் சேர்ப்பேன்.
2. நாளைக் காலை முதல் ஆளாய்ப் போய் மறுபடி டிரங்க் கால் பதிவேன். நீ வார்டன் அறையை விட்டு நகராதே.
3. நாலாவது தடவையும் பயிற்சிக்கு எழுதிப் போடுவேன்.
4. அதுவரை எந்தப் பிள்ளை காலையும் தொடமாட்டேன். விழுந்தவனை உட்காரவைத்து, எனக்குத் தெரியாது என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. சங்கரநயினார்