அணைக்கக் கூடாத வண்டி

ஜூன் 3

என்னங்க,

நாங்கள் நலம். கப்பல் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் அனுப்பிய கப்பல் படத்தைச் சிட்டு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

உங்கள் மூத்த தாரத்தோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடு. அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏறுவது கிடையாது, இறங்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. மழை வந்தால் துணிக்கூரை ஒழுகி என் மடி நனைகிறது. மடியில் வெங்காயப் பையோடு போகிறவளைப் பார்த்து, "அக்கா, ரேஸுக்கா?" என்று கேட்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். எஞ்சினைச் சூட்டோடு அணைத்தால் மறுபடி உயிர் வர ஒரு மணி நேரம் ஆகிறது. சிட்டுவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி வாசலில், ஆக்சிலேட்டரை மிதித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். அவள் மட்டும் நொண்டிக்கொண்டு உள்ளே போகிறாள். அணைத்தால் மருந்துக்கடை வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது. முதலாளி ஏற்கெனவே முறைக்கிறார். இதை விற்றுவிட்டு ஊர் உலகத்தைப் போல ஒரு வண்டி வாங்கலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
சிட்டு அம்மா

ஜூன் 14

என் கண்மணிக்கு,

என்ன வேண்டுமானாலும் கேள், விற்கிற பேச்சு மட்டும் வேண்டாம். கல்யாணமான புதிதில் அதில் ஏறி ஊரையே சுற்றினோமே, மறந்துவிட்டதா? பழுதான பாகத்தைத் துறைமுகம் துறைமுகமாகத் தேடுகிறேன். அதுவரை வழியில் அணைக்காதே. சூட்டில் திரும்பத் திரும்ப முடுக்கினால் ஸ்டார்ட்டர் கருகிவிடும். சிட்டுவுக்கும் அந்தக் கப்பல் படத்தின் பின்னால் அப்போதே எழுதியிருக்கிறேன்: "அம்மா அணைச்சா வண்டி செத்துடும், நீதான் காவல்" என்று. சமர்த்து, பார்த்துக்கொள்வாள்.

என்றும் உன்
கப்பல்காரன்

ஜூலை 2

என்னங்க,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நர்ஸ் வெளியே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, வாராவாரம் உங்கள உள்ள வரச் சொல்லி அனுப்புறோம். எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறீங்க?" என்றார். சிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ உள்ள வந்தா வண்டிய அணைக்கணும்ல. அப்பா வண்டி செத்துடும்மா."

அணைத்துவிட்டு ஓடினேன். இடுப்பு எலும்பு விலகிக்கொண்டே வந்திருக்கிறதாம். கூப்பிட்டபோதே நான் போயிருந்தால் கட்டுப் போட்டே சரிசெய்திருக்கலாமாம். இனி ஆபரேஷன்தான். அதற்குப் பிறகும் நடை நேராகுமா என்று கேட்டால் டாக்டர் ஆபரேஷன் தேதியைத்தான் குறித்துக் கொடுக்கிறார். பெற்றவள் வாசலில் உட்கார்ந்து பெட்ரோலை எரித்துக்கொண்டிருந்தேனே. யாரிடம் சொல்லி அழுவேன்? வண்டி அங்கேயே நிற்கிறது. வாடகைக் காரில் வீடு வந்தோம்.

இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படியாவது கப்பலை விட்டு இறங்கி வாருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

சிட்டு அம்மா

ஜூலை 13

என் கண்மணிக்கு,

கடிதம் பார்த்ததும் பகீரென்றது. வண்டியை எந்தத் தெருவில் விட்டாய்? கூரையை மூடினாயா? இருக்கை ஊறினால் தோல் உரிந்துவிடும். தெரியாத மெக்கானிக் யாரையும் தொட விடாதே. ஒரு நல்ல செய்தி, நான் தேடிய பாகம் கிடைத்துவிட்டது.

இப்போது இறங்கினால் வேலை போய்விடும். டாக்டர்கள் இருக்கும்போது நான் வந்து என்ன செய்யப்போகிறேன்? சிட்டு தைரியசாலி. அவளுக்கு என் முத்தம். வண்டி ஸ்டார்ட் ஆனதா என்று உடனே எழுது.

உன்
கப்பல்காரன்

ஜூலை 26

சிட்டுவின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. நடையைப் பற்றி இப்போது கேட்காதீர்கள் என்கிறார்கள்.

வண்டிச் சாவியை உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கூரையை மூடினேனா என்று நினைவில்லை. நாங்கள் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அங்கே எழுத வேண்டாம்.

மயக்கம் தெளிந்ததும் அவள் தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. "வண்டி ஸ்டார்ட் ஆச்சாம்மா?" என்றுதான் கேட்டாள். நீங்கள் கேட்ட அதே கேள்வி. அவளுக்கு ஆறு வயது. அவளையாவது கட்டிக்கொண்டு அழ முடிந்தது.