பெரிய கல்லுக்குப் போகும் வழி

ஜூலை 6, ஞாயிறு

என் ஞாயிறு நடைக்கு இன்று பதினேழு பேர். ஆறு டச்சுக்காரர்கள், லிமோஜ் நகரத்திலிருந்து ஒரு குடும்பம், மற்றவர்கள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருப்பவர்கள். பத்தரைக்கு மாதா கோவில் வாசலில் புறப்பாடு. மாடு வளர்க்கும் பாத்தீஸ்த்தின் புல்வெளி ஓரமாக ஏறி முதலில் கூரையில்லாத சிற்றாலயம், பிறகு பெரிய கல்.

டச்சுக்காரர் ஒருவர் கையில் சுற்றுலா அலுவலகத் தாள். "இந்தக் கல்லு மேலதான் நரபலி குடுத்தாங்களாமே?"

"அது கல்லறை, மிஸியே. அஞ்சாயிரம் வருஷமா கல்லறைதான். இங்க பலியாகறது நான் சுட்டுக்கொண்டு வர்ற உருளைக்கிழங்கு ரொட்டி மட்டும்தான்."

அந்தத் தாளில் பாதி என் வாக்கியங்கள். என் பெயர் இல்லை. நரபலி மட்டும் அவர்கள் சொந்தச் சரக்கு.

முட்டி இன்று தேவலை. போன வாரம் போல முதலிலேயே இறங்கிவிடாமல், கடைசி ஆளாக வந்து புல்வெளிப் படலைச் சாத்தினேன்.

ஜூலை 8, செவ்வாய்

புல்வெளிப் படலில் சங்கிலி. கம்பத்தில் வழிகாட்ட நான் வரைந்த மஞ்சள் கோட்டின் மேல் பெருக்கல் குறி. நடக்கிற எவருக்கும் அதன் பொருள் தெரியும்: இந்த வழி இல்லை. என் கோட்டின் மேலேயே!

பாத்தீஸ்த் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"யாருடா வரைஞ்சது?"

"நான்தான் அத்தை. இருபத்தொம்பதாந் தேதி உங்க ஆளுங்க படலைத் தொறந்து போட்டுட்டாங்க. கிடாரி ரோட்டுக்குப் போய்க் காலை ஒடிச்சுக்கிச்சு. ஊசி போட்டு முடிச்சுட்டார் மாட்டு டாக்டர்."

"என் ஆளுங்க படலைச் சாத்தாம வர மாட்டாங்க."

"அப்ப கிடாரியே கொக்கியைக் கழட்டிச்சா? இனிமே இந்தப் பக்கம் வேணாம். இது என் புல்வெளி."

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு வருடம் இவனுக்குப் பரிமாறியிருக்கிறேன். கேரட்டையெல்லாம் ரொட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பான். அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அத்தை. இப்போது அத்தைக்கே சங்கிலி.

பேனாக்கத்தியால் பெருக்கல் குறியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பது பேர். சங்கிலியைத் தாண்டிப் போனோம். என்னை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

மேயர் கொம்பரேல் கூப்பிட்டு அனுப்பினார். காப்பி கொடுத்தார். காப்பி கொடுத்தால் கெட்ட செய்தி.

பெரிய கல்லுக்குப் போகும் ஊர்ப்பாதையைப் பாத்தீஸ்த்துக்கு விற்கப் போகிறார்களாம். ஊரார் நடப்பதை நிறுத்திவிட்ட பாதையை ஊர்மன்றம் விற்கலாம், சட்டம் அப்படி. விற்றுவிட்டால் சிற்றாலயமும் கல்லும் குன்றின் மேல் அப்படியே இருக்கும், போக வழி இருக்காது. வேறு பாதை கிடையாது.

"நடக்கிறத நிறுத்திட்டாங்களா? ஞாயித்துக்கிழமை தவறாம நான் கூட்டிட்டுப் போறேனே!"

"மதாம், உங்களுக்கு எழுபத்தாறு வயசு. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் ஓய்வெடுங்களேன்."

"உங்களுக்கு அம்பத்திரண்டு. நீங்க வாரம் பூரா எடுக்கறீங்களே."

விற்பதற்கு முன்னால் விசாரணை வைத்தாக வேண்டும், பதினைந்து நாள், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து. வெளியூர் அதிகாரி வருவார். யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் எழுதலாம். வரட்டும். என்னிடம் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. 1984 முதல் ஒவ்வொரு ஞாயிறும், தேதி, ஆள் எண்ணிக்கை, மழையா வெயிலா என்பது வரை. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் எழுதி வைக்கத் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இருபத்து மூன்று பேர். இந்த வருடத்தில் இதுதான் அதிகம். பாத்தீஸ்த் தூரத்தில் நின்று பார்த்தான். நான் கையசைத்தேன். வேண்டுமென்றேதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

அதிகாரி ஒரு பெண்மணி. குட்டை முடி, ரப்பர் பூட்ஸ். பதினோரு நோட்டையும் மேயர் அலுவலக மேசையில் அடுக்கினேன். மூன்று மணி நேரம் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் வச்சிருந்து நான் பாத்ததில்ல, மதாம்" என்றார். கொம்பரேல் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு.

பிறகு நேரில் போனோம். "எந்தப் பக்கமா நடந்தீங்க?"

புல்வெளி ஓரத்தைக் காட்டினேன். அவர் கார் மூக்கின் மேல் நில அளவைப் படத்தை விரித்தார். விரலை வைத்தார்.

"ஊர்ப்பாதை இது இல்ல, மதாம். அதோ, கீழ."

வேலிக்குக் கீழே, இரண்டு கரைகளுக்கு நடுவில், ஆள் உயரப் பள்ளம். உள்ளே முள், முள்ளின் மேல் முள். ஓணான்கூட நுழையாது.

அவர் முதல் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். என் கையெழுத்து. 'அக்டோபர் 14, 1984. கீழே முழங்கால் சேறு. வழியை மேலே மாற்றியாயிற்று.'

மறந்தே போயிருந்தேன். அந்த வருடம் விடாத மழை. பாத்தீஸ்த்தின் தாத்தா ஆன்செல்மிடம் வேலியோரம் நின்று கேட்டேன். "ஓரமாப் போங்க லியோந்தீன், புல்லு ஒண்ணும் அழாது" என்றார். கை கொடுத்தார். எங்கள் பக்கம் கை கொடுத்தால் முடிந்தது, யார் காகிதம் எழுதினார்கள்? அன்று மாலையே மஞ்சள் கோடுகளை மேலே வரைந்தேன். நானேதான்.

ஆக, பதினோரு நோட்டும் என்ன சொல்கின்றன? நாற்பத்தொரு வருடமாக ஊர்ப்பாதையில் ஒரு காலும் படவில்லை என்று. தேதியோடு. மழையா வெயிலா என்பது வரை.

போகும்போது அதிகாரி சொன்னார்: "பதினஞ்சாந் தேதி வரைக்கும் பதிவேடு திறந்திருக்கும். யாரு நடக்கறாங்களோ அவங்களத்தான் நான் பார்ப்பேன்."

செப்டம்பர் 3

முட்டாள். முட்டாள். முட்டாள் கிழவி.

செப்டம்பர் 4, வியாழன்

விட்டவள் நான் என்றால் எடுப்பவளும் நான்தான். அளந்து பார்த்தேன்: முந்நூற்று எண்பது மீட்டர். முள்ளை வெட்டி வழி திறக்கப் பதினோரு நாள்.

காலை ஆறரைக்கு அரிவாளோடு இறங்கினேன். என் ஒன்றுவிட்ட தங்கை ஃபெர்நாந்த் மடக்கு நாற்காலியும் கத்தரியுமாக வந்து சேர்ந்தாள். அவளுக்கு இரண்டு முட்டியும் போச்சு, வாய் போகவில்லை.

"ஏன்க்கா, நீ உள்ள செத்து விழுந்தா முள்ளுக்குள்ள வந்து உன்ன யாரு எடுக்கறது?"

"நீதான் வெட்டிக்கிட்டு வருவ. அப்பவாவது பாதை தொறக்கும்ல."

"உன் பொணத்துக்காக நான் கத்தரிய மழுங்கடிக்கணுமா?"

ஆனால் மதியம் வரை நகரவில்லை அவள். பதினெட்டு மீட்டர்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பத்தரைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். உள்ளதைச் சொன்னேன். இன்று பெரிய கல் இல்லை, அதற்கு வழியும் இல்லை, வழி வேண்டுமானால் இதோ கையுறை. இரண்டு பேர் திரும்பிக் காருக்குப் போனார்கள். போகட்டும். ஒன்பது பேர் இறங்கினார்கள். ஜூலையில் நரபலி கேட்ட அதே டச்சுக்காரரும் வந்திருந்தார், இன்னும் ஊருக்குத் திரும்பவில்லையாம். "இப்பதான் மதாம் எனக்குப் பலியே புரியுது" என்று கையை நீட்டினார். முழங்கை வரை முள் கிழித்த கோடுகள்.

நூற்று ஐம்பதாவது மீட்டரில் அரிவாள் கல்லில் பட்டது. மண்ணைத் தள்ளினால் – தளம். கற்களைக் குத்தாக நட்டுப் பரப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி நான்கு விரல் ஆழம் தேய்ந்திருக்கிறது. சிற்றாலயத்துக்குக் கல் ஏற்றிய வண்டிகளாக இருக்குமோ? தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன், தாளிலும் போட மாட்டேன்.

இதை முள்ளுக்கு விட்டுவிட்டு நாற்பத்தொரு வருடம் புல்லைக் காட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

பாத்தீஸ்த் கரையின் மேல் வந்து நின்றான்.

"மதாம், இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

மதாம்! குத்தியது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. நான்கு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். நோட்டில் பார்த்துவிட்டேன்: 'ஜூன் 29. முட்டி வலி. முதலில் இறங்கிவிட்டேன்.'

"கிடாரி போனது எங்க ஆளுங்களாலதான். அன்னிக்கு நான் கடைசியா வரல."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அப்ப இந்தப் பள்ளத்த விட்டுக் குடுத்துடலாம்ல? வேலி ஒரே நேராப் போயிடும் எனக்கு."

"அது வேற, இது வேற. புல்வெளி உன்னுது, இனி கால் வைக்க மாட்டேன். பள்ளம் ஊரோடது. நான் உசிரோட இருக்கற வரைக்கும் விட மாட்டேன். செத்தப்புறமும் ஃபெர்நாந்த் விட மாட்டா."

"என்ன ஏன் இழுக்கற?" என்றாள் நாற்காலியிலிருந்து.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாலை நாலேகாலுக்குக் கடைசி முள்ளையும் வெட்டி அந்தப் பக்கம் வெளியே வந்தேன். சிற்றாலயத்துச் சுவர் நேர் எதிரே. உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

விசாரணைக்குக் கடைசி நாள். நேற்றும் இன்றும் கீழ்ப்பாதையில் நடந்து போய்ப் பதிவேட்டில் எழுதியவர்கள் முப்பத்தெட்டு பேர். மேயர் அலுவலகத்தில் கூடுதல் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. என் முறை வந்தபோது ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன்: '1984இல் வழியை மாற்றியது நான். தவறு என்னுடையது. அதற்காக ஊர் தன் பாதையை இழக்க வேண்டியதில்லை. லியோந்தீன் வெர்ஞோ.'

படித்துப் பார்த்து கொம்பரேல், "இவ்வளவு வெளிப்படையா எழுதணுமா, மதாம்?" என்றார். பழக்கமில்லை அவருக்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

பழைய இடங்களையெல்லாம் ஊர் ஊராகத் திறந்து காட்டும் பாரம்பரிய தினம். அறுபத்து நான்கு பேர். இரவெல்லாம் மழை, வளைவில் கணுக்கால் வரை சேறு. லிமோஜ்காரி ஒருத்தியின் செருப்பை மண் வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. அவள் வெறுங்காலோடு பெரிய கல்வரை போய் வந்தாள். மேலே போகலாமே என்று ஒருவர் புல்வெளியைக் காட்டினார். கூடாது என்றேன். ஏன் என்றார். நம்முடையது இல்லை என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அதிகாரியின் அறிக்கை வந்துவிட்டது. பாதை பயன்பாட்டில் உள்ளது, விற்பனைக்கு உடன்பாடில்லை. விற்கும் எண்ணத்தை ஊர்மன்றம் கைவிட்டுவிட்டது. கொம்பரேல் காப்பி கொடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் போனால், சேறு நின்ற வளைவில் ஒரு வண்டி உடைகல் கொட்டிக் கிடந்தது. தடத்தைப் பார்த்தேன். அந்த டயர் உள்ள டிராக்டர் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான். நன்றி சொல்ல நான் போகவில்லை. சொல்லுவேன் என்று அவனும் காத்திருக்க மாட்டான். ஃபெர்நாந்த் நாற்காலியிலிருந்து அதிகாரம் செய்ய, வந்த ஏழு பேரும் நானும் பரப்பினோம்.

எல்லாரும் போன பிறகு வேலியோரம் நின்று கூப்பிட்டேன். "பாத்தீஸ்த்! அஞ்சு நிமிஷம் உள்ள வரலாமா?"

என் கையில் வண்ண டப்பாவைப் பார்த்தான். "வாங்க அத்தை."

புல்வெளியில் என் மஞ்சள் கோடுகள் நான்கு. மூன்று கம்பங்களிலும் ஒரு மரத்திலும். நான்கின் மேலும் என் கையாலேயே பெருக்கல் குறி போட்டேன்.

திரும்பும்போது படலைச் சாத்தினேன். கொக்கியை இரண்டு முறை பார்த்தேன்.