மோட்டார் ஓட்டத் தெரியுமா என்ற ஒரே கேள்வி

தானா ராத்தா
14.10.1984

அன்பு மகள் சாரதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஓயாத மழையும் சுகம். மதராஸ் வெயிலிலும் விடுதிச் சாப்பாட்டிலும் நீ சுகமாக இருக்க மாரியம்மன் துணை. உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. கடைசி வருடத்தில் தாவரவியலை விட்டுவிட்டு ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேரப் போகிறாயாம், மாதக் கடைசிக்குள் எங்கள் சம்மதம் வேண்டுமாம். செடியைப் படித்தவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று வேறு கேட்டிருக்கிறாய், ஒரே ஒரு செடியை நம்பி ஊரே பிழைக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து போனவள். அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, 'நீதான பி.ஏ., ஒன்னயே கேட்டுக்கச் சொல்லு' என்று தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார்.

பி.ஏ.வின் லட்சணத்தைக் கேள். நம் பக்கத்து லயத்து வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கும் அம்சவல்லியின் மகன் கந்தசாமி கோலாலம்பூரில் பி.எஸ்சி. முடித்து வந்தானல்லவா, ஜூலையில் தேயிலைக் காட்டில் ஆட்களை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அவனை உட்கார வைத்து, மண்ணின் புளிப்பு, தேயிலை வந்த சரித்திரம், ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லும் விதம் எல்லாம் இரண்டு வாரம் நானே சொல்லிக் கொடுத்தேன். புதுத் துரை கேட்டது ஒரே கேள்விதானாம், மோட்டார் ஓட்டத் தெரியுமா என்று. மலை மலையாக ஏறி இறங்க வேண்டிய வேலை, அவர் கேட்டதில் தப்பில்லை. இவனுக்குத் தெரியாது. லோரி ஓட்டும் பக்கிரிசாமியின் மகன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததோடு அந்த வேலையில் சேர்ந்துவிட்டான்.

கந்தசாமிக்கு எப்படித் தெரியும்? படிக்கிற பிள்ளை மோட்டார் சைக்கிளைத் தொட்டால் விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் என்று அம்சவல்லி அவனை அந்தப் பக்கமே விட்டதில்லை. அதை அவளே சொல்லக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன், பிறகுதான் உறைத்தது. பரீட்சைச் சமயத்தில் நீ குடித்த கோப்பையைக்கூட நான்தானே கழுவினேன். படிப்பு உங்களை வேலைக்குத் தயார் செய்யவில்லை என்று இப்போது அதன்மேல் பழி போடுகிறோம், மற்ற எதையும் தொடவிடாமல் வைத்தவர்கள் நாங்கள்.

கந்தசாமி உன் அப்பாவின் மோட்டாரில் பழகினான். நானும்தான். சிரிக்காதே. கொழுந்துக் காட்டிலிருந்து அம்சவல்லி, 'விழுந்துறாதீங்க லா டீச்சர், படிச்சதெல்லாம் கொட்டிப் போயிரும்' என்று கத்துகிறாள், காடே சிரிக்கிறது. லைசென்ஸ் பரீட்சையில் போன வாரம் தோற்றேன், என் வாழ்நாளில் தோற்ற முதல் பரீட்சை. அவன் தேறிவிட்டான், கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்குக் காய்கறித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அங்கே என்ன கேட்பார்களோ, நான் பாடம் எதுவும் நடத்தவில்லை.

ஆகவே என் பதில் இது. தாவரவியலை முடி. கம்ப்யூட்டரை மாலை வகுப்பில் படி, அதற்குப் பணம் அனுப்புகிறோம். ஒன்றுக்காக இன்னொன்றை விடாதே, அந்தத் தவறை உனக்காக நான் ஏற்கெனவே செய்தாயிற்று. நாளை எவன் என்ன கேட்பான் என்று உன் பேராசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனி உன் கோப்பையை நீயே கழுவு.

அம்மனும் அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள். பரீட்சை முடிந்து மே மாதம் வரும்போது பெட்டி ஒன்று போதும். பேருந்து நிலையத்தில் மோட்டாரோடு நின்றால் நான் தேறிவிட்டேன் என்று அர்த்தம். குடையோடு நின்றால் ஒன்றும் கேட்காமல் என்கூட நடந்து வா.

உன் அம்மா
சீதா