பசை காயாத சக்கரம்

அன்பு மச்சான் தாஸுக்கு,

முதலில் உங்கம்மா செருப்பைக் கழற்றிய கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை, மாம்பலம் ஸ்டேஷன் வாசல், அவ்வளவு ஜனம். எதிரே வேலு வந்தான். எதிர் டீமில் சைக்கிள் ஓட்டிய அதே கே.கே. நகர் வேலு. "எம் புள்ளைய தள்ளிவுட்டு கொன்னியேடா" என்று அம்மா அவன் முகத்திலேயே அடித்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். தடுக்கக்கூட இல்லை அவன். தடுத்தாலும் அந்த இடது கை மடங்காது. அதை உடைத்தவனே நான்தானே. நான் காய்கறிப் பையோடு மரம் மாதிரி நின்றேன்.

"நான் கை வெக்கலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் உன் தங்கச்சி கலா அம்மாவுக்கு மோர் கலக்கிக் கொடுத்து, நல்லா குடுத்தம்மா என்றாள். ஆமாம், கலாவைக் கட்டிக்கொண்டது நான்தான். நீ இருந்திருந்தால் சம்மதித்திருப்பாயா?

நம் டீம் ஞாபகம் இருக்கிறதா? தி.நகர் புடவைக் கடை அண்ணாச்சி ஆறு பேரை மாதச் சம்பளத்துக்கு வைத்து ரேஸ் சைக்கிள் ஓட்டவிட்டார். மஞ்சள் பனியன், முதுகில் கடைப் பெயர், அதன் கீழே மெட்ராஸ். இப்போது ஊர்ப் பெயரையே சென்னை என்று மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியாது. ஒரு வருஷம்கூட முழுசாய் நிற்காத டீம். ரேஸா அது, அடிதடி. ஓடுகிற ஓட்டத்தில் முழங்கையால் விலாவில் இடிப்போம், காற்றடிக்கும் பம்பால் முதுகில் போடுவோம். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

கேப்டன் நீ. ரேஸ் டயரைப் பசை போட்டு ரிம்மில் ஒட்டியவன் எவனோ, அந்தச் சக்கரத்தில் அவனேதான் போக வேண்டும் என்று சட்டம் போட்டாய். உயிர்ப் பயத்தில் ஒழுங்காக ஒட்டுவான் என்பது உன் கணக்கு. ஆனால் கேப்டனுக்குப் பஞ்சரானால் பக்கத்தில் இருப்பவன் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் உன் சட்டம்தான். இரண்டும் ஒருநாள் மோதும் என்று நம்மில் எவனுக்கும் தோன்றவில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் முன்சக்கர டயரை விடிகாலையில்தான் ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் டயர் உரிந்துவிடும். முந்தின நாள் டிவியில் கிரிக்கெட், சோம்பேறித்தனம். வளைவில் மெதுவாகப் போனால் போச்சு, என் உயிர்தானே என்று ஏறிவிட்டேன். அடையாறு பாலம் தாண்டியதும் உன் முன்சக்கரம் பஞ்சர்.

"மச்சி, வீல குடு, சீக்கிரம்."

கொடுத்தேன். இன்னும் பசை காயலடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டீம் வேனில் ஏறி உன் பின்னால் வந்தேன். பெசன்ட் நகர் வளைவில் வேலு உன் பக்கத்தில், ஒரு கை தூரம் தள்ளித்தான் இருந்தான். டயர் ரிம்மை விட்டு உரிந்ததை நான் பார்த்தேன். விளக்குக் கம்பத்தில் உன் தலை மோதியது. அந்தச் சத்தம் சோறு பிசையும்போதுகூடக் கேட்கிறது. அங்கேயே போய்விட்டாய்.

அவன்தான் இடிச்சான் என்று கத்தியது யார் தெரியுமா? நான். பம்பை எடுத்து முதல் அடி அடித்ததும் நான். தலையை மறைத்துக்கொண்ட அவன் இடது கையில், எலும்பு நொறுங்கும்வரை அடித்தேன். "நான் கை வெக்கல நைனா, கை வெக்கல நைனா" என்று அழுதான். மற்றவர்கள் அவனைப் போட்டு மிதித்தபோது, நான் டயரைச் சுருட்டி வேன் சீட்டுக்கடியில் ஒளித்தேன்.

சாவு விழுந்த டீம் நமக்கு வேண்டாம்டே என்று அண்ணாச்சி மறுவாரமே கலைத்துவிட்டார். டயர் மட்டும் என் வீட்டுப் பரணில் கிடந்தது. நேற்று இறக்கினேன். பசை இப்போது கல்லாகக் காய்ந்திருக்கிறது, பாவி.

நாளைக் காலையில் அதை அம்மா முன்னால் வைத்து, கலாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அவள் என்னோடு இருப்பாளா தெரியாது. அங்கிருந்து நேராக வேலு வீட்டுக்குப் போவேன். யார் எதை எடுத்து அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். நான் கை வைக்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன், உன் மேல் சத்தியம்.

உனக்குச் சக்கரம் கழற்றிக் கொடுத்த,
உன் தங்கச்சி புருஷன்
சேகர்