மணலையும் இரண்டாகப் பிரி

லா ரூவியேர்,
நவம்பர் 19, 1882

அன்புத் தம்பி ஃபுல்க்ரானுக்கு அண்ணன் ப்ரிவா எழுதிக்கொண்டது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போடத் தோன்றும். போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போடு. பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். நானும் உன் அண்ணி நொயெமியும் உயிரோடு இருக்கிறோம். நீயும் டெல்ஃபினும் பிள்ளைகளும் சுகம் என்று உப்பு வண்டிக்காரன் சொன்னான். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நம்பு.

குன்றுத் திராட்சைத் தோட்டம் போய்விட்டது, தம்பி. வேர்ப்பேன் தின்றுவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கோடியில் ஒரு கொடி வாடியது. வெயில் அதிகம் என்று நினைத்தேன். மறு வருஷம் துணியில் எண்ணெய் பரவுவதுபோல் அதைச் சுற்றி வட்டமாகக் காய்ந்தது. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக அழுகல். பேனைக் காணோம். செத்த கொடியை விட்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டிருந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஓர் உயிர்த் தேரையைப் புதைத்தால் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்றார்கள். நாங்கள் பிடித்த பிடியில் இந்த ஊரில் இப்போது தேரைச் சத்தமே கிடையாது. பாதிரியார் தோட்டத்தைச் சுற்றி மாதாவைத் தூக்கி வந்தார். பெரிய இரும்பு ஊசியால் மண்ணுக்குள் ஒரு நாற்ற மருந்தைக் குத்தினோம். அதில் பேனோடு கொடியும் செத்தது. கடைசியாகப் பேனைத் தாங்கும் அமெரிக்க வேர் வாங்கி நட்டு, அதன்மேல் நம் குச்சியை ஒட்டினேன். கீழே செம்மண்ணில் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. நம் சுண்ணாம்புக் கல்லில் மூன்றாம் மாதமே இலையெல்லாம் மஞ்சள். பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை.

இந்த வெள்ளைக் கல்லில்தான் பதினான்கு டிகிரி மது விளையும் என்று சந்தையில் நான் மார் தட்டாத நாள் உண்டா? உன் கடற்கரை மணல் மதுவைத் தவளை குளித்த தண்ணீர் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவன் நான். வெயிலில் நம் நிலம் வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாகத்தான் பேன் வேருக்கு இறங்குகிறது என்று மோன்பெலியே விவசாயப் பள்ளியிலிருந்து வந்த ஆள் சொன்னார். மணல் வெடிக்காதாம். பேன் நடக்க அதில் வழியே இல்லையாம்.

ஆகஸ்ட் மாதம் உன் தோட்டத்தில் யாரோ கொடியைப் பிடுங்கினான் என்று உன் ஆள் சொல்லியிருப்பான். அந்தத் திருடன் நான்தான். உப்பு வாங்கப் போவதாக நொயெமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். கரைமேல் நின்று பார்த்தால் கடல்வரை பச்சை. இறங்கி, ஓரத்துக் கொடி ஒன்றின் அடியைக் கையால் பறித்தேன். மணல் சரிந்துகொண்டே வந்தது. முழங்கை ஆழத்தில் ஈரம், அதில் வேர் அப்படியே வெள்ளையாக, முள்ளங்கி மாதிரி. ஒரு முடிச்சு இல்லை. தம்பி, நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன் ஆள் கோரை அரிவாளோடு ஓடி வந்தான். “யோவ் கிழவா, எங்க முதலாளி கொடி உன்ன என்னய்யா பண்ணுச்சு? உனக்குச் சொந்தமா ஒண்ணு இல்லியா?” என்று கேட்டான். ஓடி வந்துவிட்டேன். அந்தக் கொடிக்கு மண் அணைத்துவிடச் சொல்.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன். என் மகன் சில்வெஸ்தர் ஆப்பிரிக்காவுக்குப் போகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அல்ஜீரியாவில் சும்மா நிலம் கொடுக்கிறார்களாம். டிசம்பர் ஐந்தாம் தேதி மர்சேயில் கப்பல். அவன் மனைவி ரோசலிக்கு ஏழாம் மாதம். போன வருஷம் இதே தெருவிலிருந்து போன கூப்பர் குடும்பத்தில் ஐந்து பேர் போய், காய்ச்சலுக்குத் தப்பி எழுதியது ஒருத்தி. அந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். “இங்க இருந்தா மட்டும் என்னத்தப்பா திங்கறது, கல்லையா?” என்றான்.

சித்தப்பாவிடம் போய்க் கேள், மணல் பறக்காமல் கோரை மிதிக்கும் வேலையாவது கொடுப்பான் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? நீங்க அவர் கையில மணல அள்ளி வச்சு, ‘இந்தாடா உன் பங்கு’ன்னு சிரிச்சப்போ நான் பக்கத்துலதான நின்னேன்?” என்றான். அப்போது அவனுக்கு ஏழு வயது. மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

அவனுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. உனக்கும் தெரியாது. நொயெமிக்கு மட்டும் தெரியும். அன்று அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகில் நின்றாள். அப்பா சாவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கல்ல ரெண்டாப் பிரி. மணலையும் ரெண்டாப் பிரி. ஒரு வருஷம் வானம் ஒண்ணக் கெடுத்தா இன்னொண்ணு சோறு போடும். ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டும் இருக்கட்டும்.” அவரை அடக்கம் செய்த மறுநாள் நோட்டரி முன்னால், மூத்தவனுக்குக் குன்று, இளையவனுக்குக் கடற்கரை, இதுதான் அப்பா சொன்னது என்றேன். நீ அப்பாவின் பெயரைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாய்.

குன்றில் பாதியை உன்னிடமிருந்து திருடினேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஆகஸ்டில் உன் மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மீதி புரிந்தது. என் மகனுடைய பாதி மணலையும் அன்றே நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

நேற்று நொயெமி சொன்னாள்: “நீங்க எழுதலைன்னா நான் பாதிரியார்கிட்டச் சொல்லி எழுதுவேன். ஊரே படிக்கட்டும்.” அவள் பயமுறுத்தினாள் என்பதற்காக இதை எழுதவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு எனக்கு வெட்கம் எதற்கு?

பாதி மணலைக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அது உன் உழைப்பு. கோரையைப் பரப்பி மிதித்து மிதித்துக் காற்றிடமிருந்து நீ காப்பாற்றிய நிலம். சில்வெஸ்தருக்கு ஒரு வேலையும் அவர்கள் தலைக்குமேல் ஒரு கூரையும் கொடு. நான் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டேன். வேண்டுமென்றால் நோட்டரியிடம் எழுதித் தருகிறேன்.

டிசம்பர் நான்காம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு அவர்கள் போகும் ரயில் லூனெல் நிலையத்தில் நிற்கும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிஷம். உன் தோளில் ஏறி விளையாடிய பிள்ளைதான், ஆனால் இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஈரச் சாக்கு மூட்டையை மடியில் வைத்திருப்பவனைத் தேடு. அப்பா நட்ட வரிசையில் ஒன்பது கொடிகள் மட்டும் இன்னும் உயிரோடு நிற்கின்றன. அவற்றின் குச்சிகளை நறுக்கிக் கட்டியிருக்கிறான். ஆப்பிரிக்காவில் நடப் போகிறானாம். பேன் வந்த ஊர்க் குச்சியைக் கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள், துறைமுகத்திலேயே பிடுங்கிக் கொளுத்திவிடுவார்கள். அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடல் காற்று உன் கொடிகளுக்கு நல்லதையே செய்யட்டும். உன் பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாமல் வாழட்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். அவன் தானாக இறங்கமாட்டான், ரோஷக்காரன். பத்து நிமிஷம்தான் நேரம். பெட்டிக்குப் பெட்டி நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிடு, தம்பி. சத்தமாகக் கூப்பிடு.

உன் அண்ணன்,
ப்ரிவா